இருபத்து மூன்றாம் வீட்டுப் படிகள்

கள்ளக்குறிச்சியில் எந்தத் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாலும் என் கை பட்ட சுவர் ஒன்று கண்ணில் படும். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். களமருதூரில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட வீட்டில் பிறந்தவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதினோரு வயதில் செங்கல் தூக்க வந்தேன். பத்தொன்பது வயதில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆனேன். முப்பதுக்குள் மேஸ்திரி. இன்றைக்கு நான் உட்கார்ந்து இதை எழுதுகிற மாடி வீட்டுக்கு நானே படம் போட்டு, நானே கட்டி, நானே பூசினேன். சின்னக்கண்ணு மேஸ்திரி என்று கேட்டால் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோக்காரர் என் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்.

எங்கள் முப்பத்திரண்டு வீட்டுச் சங்கம் மூன்றாம் ஆண்டு மலர் போடுகிறது. சங்கத் தலைவி ராணியம்மாள் வீட்டுக்கு வந்து, "மேஸ்திரி, உங்க கதைய நீங்களே எழுதிக் குடுங்க. இந்தக் காலனிய கட்டுனவரு நீங்க" என்றார். என் கதையை டீக்கடையில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பச்சையம்மாள் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அவங்க இப்ப இங்க குடியில்லியே மேஸ்திரி?"

அதனால்தான் எழுதுகிறேன். என் எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தைத் திருத்த விடவில்லை.

பச்சையம்மாள் மணலூர்பேட்டைப் பக்கம், பெண்ணையாற்றங்கரையில் ஒரு கூலிக்கார வீட்டுப் பெண். புருஷன் கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். மூன்று வயது மகள் செந்தமிழ்ச்செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் பஸ் நிலையத்துக்கு வெளியே கூலியாட்கள் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு இருக்கும். அன்றைக்கு எனக்கு இரண்டு சித்தாள் குறைந்தது.

"கலவை தூக்கியிருக்கியா?" என்று கேட்டேன்.

"கரும்புக் கட்டு தூக்கியிருக்கேங்க."

"கரும்பு வேற, கலவை வேற."

"ரெண்டும் தலையிலதான ஏறுது மேஸ்திரி?"

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வண்டியில் ஏறச் சொன்னேன். அன்று ஏறியவள் முப்பது வருடம் என்னிடம்தான் வேலை செய்தாள். எத்தனையோ மேஸ்திரிகள் கூலி கூட்டித் தருகிறேன் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். போகவில்லை.

வேலைக்காரி என்றால் அவள்தான். கலவையில் தண்ணீர் கூடியிருந்தால் கொத்தனாருக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் தலைக்குத் தெரிந்துவிடும். கலவைப் பாண்டு சும்மாட்டில் உட்கார்ந்த உடனே, "மேஸ்திரி, இது குலுங்குது. பூசுனா வழியும்" என்பாள். ஒரு தடவைகூட அவள் சொன்னது தப்பியதில்லை. மகளை இந்தக் கூலியிலேயே படிக்க வைத்து, மணலூர்பேட்டையிலேயே கட்டிக் கொடுத்தாள். யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை. எந்தக் கஷ்டத்தையும் தமாஷாகத்தான் சொல்வாள். அது தமாஷ் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாலு மாடி லாட்ஜ் கட்டினோம். கடைசித் தளம் போடுகிற அன்று கலவை தூக்கும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. போட ஆரம்பித்த கான்கிரீட்டை நிறுத்த முடியாது. சித்தாள்கள் வரிசை போட்டு நாலு மாடிக்கும் தலையில் தூக்கினார்கள். காலையிலிருந்து வெளிச்சம் மங்கும் வரைக்கும் பச்சையம்மாள் ஒரு முறைகூட வரிசையை விட்டு விலகவில்லை. மறுநாள் அவள் வலது முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. நான் அந்த லாட்ஜைக் காட்டும்போதெல்லாம், "நின்ன மிஷினை நம்பாம மனுஷங்கள வெச்சி ஒரே நாள்ல தளம் போட்டேன்" என்று சொல்வேன். அந்த முட்டியைச் சொன்னதில்லை.

அவள் குடியிருந்தது வாய்க்கால் ஓரத்து ஓட்டு வீட்டு வரிசையில். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனது. ஆபீஸ்கள் வந்தன, கோர்ட் வந்தது, வெளியூர் உத்தியோகக்காரர்கள் வந்தார்கள். எங்களுக்கு வேலை பெருகியது, நான் மறைக்கவில்லை. ஆனால் நாங்கள் கட்டிய வீடுகளுக்கு வாடகை ஏற ஏற, கட்டியவர்கள் இருக்க இடம் இல்லாமல் போனது. வாய்க்கால் ஓரத்து வரிசையையும் காலி பண்ணச் சொன்னார்கள்.

அங்கே இட்லிக்கடை போட்டிருந்த ராணியம்மாள்தான் முப்பத்திரண்டு குடும்பத்தைத் திரட்டினார். இரண்டு வருடம் மனுவோடு அலைந்தார். கடைசியில் மலைக்குப் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் நகராட்சி நிலம் கொடுத்தது. வெளியூர் அறக்கட்டளை ஒன்று சிமெண்டும் கம்பியும் கொடுத்து, எழில்மதி என்ற இன்ஜினியர் அம்மாவையும் அனுப்பியது. உழைப்பு எங்களுடையது. குடும்பத்துக்கு நூற்றிருபது நாள் ஆள் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். தலைமை மேஸ்திரியாக என்னைக் கூப்பிட்டார்கள். பாதிக் கூலிக்குப் போனேன். ஊருக்கு ஒன்று செய்தோம் என்று இருக்கட்டுமே.

நாலு கட்டடம். ஒவ்வொன்றிலும் கீழே நாலு வீடு, மேலே நாலு வீடு, வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு. எந்த வீடு யாருக்கு என்பது கடைசியில் குலுக்கலில்தான் தெரியும் என்று எழில்மதி ஒரு சட்டம் போட்டார். முதலிலேயே தெரிந்தால் அவனவன் தன் வீட்டுச் சுவருக்கு மட்டும் நன்றாகத் தண்ணீர் விட்டு நனைப்பான், பக்கத்துச் சுவர் காயும். முப்பத்திரண்டும் நம் வீடு என்று நினைத்தால்தான் முப்பத்திரண்டும் உருப்படும். நாலாவது படித்த எனக்கே அது எவ்வளவு நல்ல சட்டம் என்று புரிந்தது.

மற்ற வீடுகளில் புருஷன் ஒரு நாள், மகன் ஒரு நாள் என்று முறை மாற்றி வந்தார்கள். பச்சையம்மாளுக்கு மாற்ற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி என்று மற்றவர்கள் ஓய்வெடுத்த நாளெல்லாம் சேர்த்து நூற்றிருபது நாளையும் அவள் ஒருத்தியே கொடுத்தாள். அப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

இனி படிக்கட்டு விஷயம்.

எங்கள் தொழிலில் படியை லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணுவோம். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அதாவது ஒற்றைப்படை. நஷ்டத்தில் கால் வைத்து எந்தக் குடும்பமும் வீட்டுக்குள் போகக் கூடாது. என் குருநாதர் சொன்னது, நானும் மீறியதில்லை. எழில்மதி போட்ட வரைபடத்தில் இருபது படி இருந்தது. ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம்.

"இன்ஜினியரம்மா, எண்ணிப் பாத்தீங்களா? இருவதாவது படி நஷ்டத்துல முடியுது" என்றேன்.

"சரி மேஸ்திரி, நம்பிக்கைய நான் கெடுக்கல. பத்தொம்பது போடுங்க."

"பதினஞ்சி."

"ஏன் பதினஞ்சி?"

"என் படி எல்லாமே பதினஞ்சிதாம்மா. இந்த ஊர்ல யாரு வேணும்னாலும் கேளுங்க. படிய பாத்தா சின்னக்கண்ணு படின்னு சொல்லுவாங்க. படி கம்மியானா முன்னாடி எடமும் ஜாஸ்தி கெடைக்கும்."

"எட்டு அங்குலம் ஒசரம் வருதுங்க. வயசானவங்க எப்படி ஏறுவாங்க?"

"ஏற முடியாதவங்களுக்குத்தான் கீழ் வூடு இருக்குதே?"

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மாதம் இரண்டு வாரம் விடுப்பில் போனார். அவர் திரும்பி வரும்போது நாலு படிக்கட்டுக்கும் கான்கிரீட் போட்டு முடித்திருந்தேன். டேப்பைப் பிடித்து அளந்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். சங்கத்தாரைக் கேட்டார். அவர்களும் எங்கள் சனம்தானே, ஒற்றைப்படை என்றதும் மேஸ்திரி செய்தது சரி என்றார்கள். உயரத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

பச்சையம்மாள் மட்டும் கேட்டாள். மேல்வீடுகளுக்குப் பூச்சு வேலை நடந்தபோது பாண்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடுப்படியில் நின்றுவிட்டாள்.

"இன்னா மேஸ்திரி, இது படியா, கல்வராயன் மலையா?"

"ஏறு, ஏறு. மேல போய் நின்னா நெசமான மலையே தெரியும்."

"மலைய பாத்துக்கினு இருந்தா கீழருந்து தண்ணி யாரு தூக்குவா?"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே மிச்சப் படியை ஏறினாள். கலவை குலுங்குகிறது என்று சொன்னால் உடனே நிறுத்துகிற நான், படி உயரம் என்று அவள் சொன்னபோது சிரித்தேன்.

வீடுகள் முடிந்தன. குலுக்கலுக்கு முன்னால் ஒரு கூட்டம். மேலே ஏற முடியாதவர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும், அவர்களுக்குக் குலுக்கல் இல்லாமலே கீழ்வீடு கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குலுக்கலாம் என்று முடிவாகியிருந்தது. டாக்டர் சீட்டு ஒன்றும் வேண்டாம், எழுந்து சொன்னால் போதும். பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு, பந்தல் போட்டு, மைக்கும் வைத்திருந்தோம். மைக் பக்கத்தில் நான்.

தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் எழுந்தார். கண் தெரியாத அம்மாள் ஒருவரை மகள் எழுப்பினாள். இப்படி ஐந்து பேர். மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் வலது கையைத் தரையில் ஊன்றினாள்.

அந்த நேரத்தில் நான் மைக்கைப் பிடித்தேன். "போதும், போதும். இதுக்கு மேல யாரும் எந்திரிக்க மாட்டாங்க. என் சித்தாளுங்க இருக்காங்களே, நாலு மாடி லாட்ஜிக்கு ஒரே நாள்ல கலவை தூக்குனவங்க. அவங்களுக்கு இந்தப் பதினஞ்சி படி எம்மாத்திரம்? இன்னா பச்சை, நான் சொல்றது?"

கூட்டம் கைதட்டியது. "பச்சையம்மா, மேஸ்திரி மானத்த காப்பாத்து" என்று யாரோ கத்தினார்கள். அவள் ஊன்றிய கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்தாள். சிரித்தாள். உட்கார்ந்தபடியே இருந்துவிட்டாள்.

அவள் எழுந்திருக்கப் போனதை நான் பார்க்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். பார்த்துத்தான் பேசினேன். என் படிக்கட்டுக்கு முன்னால், என்னிடம் முப்பது வருடம் வேலை செய்தவள் எழுந்து நின்று என்னால் ஏற முடியாது என்று சொன்னால் எனக்கு இறக்கம் என்று நினைத்தேன்.

குடத்தில் சீட்டுப் போட்டு, அவரவர் கையாலேயே எடுத்தார்கள். அவள் எடுத்தது இருபத்து மூன்று. மூன்றாம் கட்டடம், மேல்வீடு.

பால் காய்ச்சிய அன்று முதல் டம்ளர் எனக்குத்தான் கொடுத்தாள். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் தெரியுது மேஸ்திரி. இத்தினி வருஷம் எத்தினி மாடி ஏறினேன், ஒரு தடவ கூட நின்னு பாத்ததில்ல. பாண்டு காலியானா உடனே எறங்கணும், இல்ல?"

அதற்கு அப்புறம் அவள் அந்தப் படியில் எப்படி ஏறினாள் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். வேலைக்குப் போய்விட்டு வந்து, கீழே பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, அப்புறம் அடுத்த படி. ஒன்பதாம் படியில் நின்று சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்குவாளாம். கைப்பிடிக் கம்பி கிடையாது. பிறகு வைக்கலாம் என்று விட்டிருந்தேன். வெள்ளைச் சுவரில் அவள் கை பட்ட இடம் மட்டும் நாளடைவில் பழுப்பாகிவிட்டது. அந்தக் கறையை நானே ஒரு நாள் பார்த்தேன். சுவரை இப்படியா அழுக்குப் பண்ணுவது என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டேன். அவள் எட்டிப் பார்த்து, "அடுத்த தடவ கையுறை போட்டுக்கினு ஏறுறேன் மேஸ்திரி" என்றாள்.

அஞ்சாம் மாதம் தண்ணீர்க் குடத்தோடு சறுக்கினாள். முட்டி பெயர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இனிமேல் படி ஏறவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் மணலூர்பேட்டைக்குக் கூப்பிட்டாள். மருமகன் வீட்டில் போய் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அரிசி ஆலைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தாள். தரைமட்டத்தில் இருக்கிற அறை. இருபத்து மூன்றாம் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எங்கள் சங்கத்தில் இன்னொரு விதி உண்டு. வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டாலோ, ஆறு மாதம் பூட்டி வைத்தாலோ, வீடு சங்கத்துக்கே திரும்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போகும். பணக்காரன் எவனும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று அந்த விதியைக் கொண்டுவந்ததே நான். முதலில் கை தூக்கியதும் நான்.

பூட்டி ஐந்து மாதம் ஆனபோதுதான் அவளைப் பார்க்கப் போனேன். ஏன் அதுவரை போகவில்லை என்றால், வேலை. இல்லை, வேலை இல்லை. போக முடியவில்லை.

தகர அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வாங்க மேஸ்திரி. குனிஞ்சி வாங்க, இத கட்டுன மேஸ்திரிக்கு ஒசரம் தெரியல."

"பச்சை, என் வூட்டுல கீழ ஒரு ரூமு காலியா இருக்குது. வந்து இரு. வாடகை கீடகை வேணாம்" என்றேன்.

"நூத்தி இருவது நாளு உங்க வூட்டுக்கா மேஸ்திரி வேலை செஞ்சேன்?"

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். கீரையை உருவிக்கொண்டே அவள்தான் பேசினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அடுத்த கூட்டத்துல, படி தப்பாப் போச்சின்னு சொல்லுங்க. அன்னிக்கு மைக்குல சொன்னத இன்னிக்கு மைக்கு இல்லாமயே மாத்திச் சொல்லுங்க, போதும். படி தப்புன்னா அது கட்டடத்துக் கொறை. என் மேல கொறை இல்ல. அந்தம்மா எழில்மதி சொல்லுச்சி, அப்பிடி இருந்தா சங்கமே கீழ் வூடு ஒண்ண மாத்திக் குடுக்க வழி இருக்குதாம். இல்லன்னா நான் அன்னிக்கே எந்திரிச்சி சொல்லியிருக்கணும்னு ஆயிடும்."

"சொல்றேன் பச்சை."

"நெசமா?"

"சின்னக்கண்ணு வாக்கு தவறி நீ பாத்திருக்கியா?"

"இல்ல மேஸ்திரி" என்றாள். உருவிய கீரையில் ஒரு பிடியை எடுத்துக் காகிதத்தில் மடித்து, என் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள்.

கூட்டம் பொதுக்கொட்டகையில் நடந்தது. முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த வீரமணியும் வந்திருந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், மூன்று பிள்ளைக்காரன். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாமலே அவனும் எங்களோடு நூற்றிருபது நாள் மண் சுமந்தவன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழில்மதி மூலையில் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

ராணியம்மாள் இருபத்து மூன்றாம் எண்ணைப் படித்தார். "யாராவது பேசணும்னா பேசுங்க."

எழுந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டிய சுவருக்குள் குடியிருக்கிற சனம். என்னை "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கும்பிடுகிற சனம். கொட்டகைக்கு வெளியே முதல் கட்டடத்துப் படிக்கட்டு தெரிந்தது. பதினைந்து படி. படி தப்பு என்ற இரண்டு வார்த்தையை வாய்க்குள்ளேயே உருட்டிப் பார்த்தேன். வெளியே வந்தது வேறு.

"பச்சையம்மாளுக்கு வயசாயிடுச்சி. முட்டி போயிடுச்சி. பாவம், அவளுக்கு எதாவது பாத்துச் செய்ங்க."

"முட்டி அன்னிக்கே போயிருந்தா அன்னிக்கே எந்திரிச்சி சொல்லியிருக்கலாமே மேஸ்திரி?" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பில்லை.

"நீங்கதான மைக்குல அவங்களால ஏற முடியும்னு சொன்னீங்க?" என்று இன்னொருவர் கேட்டார்.

எழில்மதி தலையைத் தூக்கி என்னையே பார்த்தார். "மேஸ்திரி, வேற எதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். எனக்கு வழி திறந்துவிடத்தான் கேட்டார். அது எனக்கு அப்போதே தெரியும்.

"இல்லீங்கம்மா" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

வீட்டைச் சங்கம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் விதிப்படி கை தூக்கச் சொன்னார்கள். நான் கை தூக்கவில்லை. தூக்காமல் இருந்ததைப் பெரிய நியாயம் மாதிரி அப்போது நினைத்துக்கொண்டேன். மறு மாதம் வீரமணி குடும்பம் இருபத்து மூன்றில் பால் காய்ச்சியது. பச்சையம்மாள் சாவியை ராணியம்மாளிடம் ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினாள். எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கு அப்புறம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வேறு தெருக்களில் நான் முன்பு கட்டிய படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். எழுபதை நெருங்குகிற என் முட்டியும் எட்டு அங்குலத்தில் ஏறும்போது முனகியது. இத்தனை வருடம் நான் படி கட்டினேனே ஒழிய, தலையில் பாரத்தோடு அதில் ஏறியதில்லை. பத்தொன்பது போட்டிருந்தாலும் லாபத்தில்தான் முடிந்திருக்கும். சம்பிரதாயத்துக்கும் பங்கம் வந்திருக்காது. அவளும் ஏறியிருப்பாள். பதினைந்து என்பது சம்பிரதாயம் இல்லை, என் பெயர். அதைத்தான் அவள் தலையில் தூக்கி வைத்தேன்.

போன தை மாதம், ஏற வசதியாக இருக்கும் என்று மட்டும் சொல்லிச் சங்கத்தில் அனுமதி கேட்டு, என் செலவிலேயே மூன்றாம் கட்டடத்துப் படிக்கட்டை உடைத்தேன். மேல்வீட்டுக்காரர்களுக்குப் பின்பக்கம் சாரம் போட்டுத் தற்காலிக வழி செய்து கொடுத்தேன். எழில்மதியின் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதில் இருந்தபடியே கட்டினேன். ஆறு அங்குலம், இருபது படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. "மேஸ்திரி, நஷ்டத்துல முடியுதே" என்று மேல்வீட்டு அம்மாள் ஒருவர் பதறினார். முடியட்டும் என்று சொன்னேன்.

மணல் சலிக்க ஆள் வேண்டும், உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற வேலை, வருகிறாயா என்று பச்சையம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஓட்டி வந்தவன் வீரமணி. அவனே கைப்பிடித்து மணல் குவியல் வரைக்கும் கூட்டி வந்தான். வேலை நடந்த இரண்டு வாரமும் அப்படித்தான் வந்து போனாள். மணலைச் சலித்தபடியே, புதிதாக வந்த சித்தாள்களிடம் பேசிக்கொண்டிருப்பாள். "சும்மாட்ட இறுக்கிக் கட்டு. மேஸ்திரி வேலை வாங்குறதுல கெட்டிக்காரரு, முட்டி தேயுறதுலதான் கணக்கு தெரியாது." எனக்குக் கேட்கும்படிதான் சொல்வாள். கேட்டுக்கொண்டேன்.

கடைசிப் படி பூசி, நனைத்து, காய்ந்த அன்று அவளிடம் போய் நின்றேன்.

"பச்சை, நீதான் மொதல்ல ஏறணும். ஆறு அங்குலம்தான். கைப்பிடிய புடிச்சிக்கினு மெதுவா ஏறலாம். நானும் கூட வர்றேன்."

சல்லடையைக் கீழே வைத்தாள். படியை அடியிலிருந்து நுனிவரைக்கும் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. பழைய சுவருக்கு நான் மறுபடி வெள்ளையடிக்கவில்லை. அவள் கை ஊன்றிய பழுப்பு இன்னும் அப்படியே இருந்தது. அதையும் பார்த்திருப்பாள்.

"நல்லா வந்திருக்குது மேஸ்திரி. ஏறுறவங்களுக்கு சொகமா இருக்கும்."

"ஏறிப் பாரேன்."

"ஏறி யாரு வூட்டுக்குப் போறது?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கிற மாதிரி கேட்டாள். அப்புறம் சல்லடையை எடுத்து, மிச்சம் இருந்த மணலைச் சலிக்க ஆரம்பித்தாள். வேலை முடிந்ததும் வீரமணியின் ஆட்டோவில் ஏறி, அரிசி ஆலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

இப்போது காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அடுத்த முப்பது வீட்டுக்கு ராணியம்மாள் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார். நிலம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்து, கட்டி, முடிய நாலைந்து வருடம் ஆகும். அவளுக்கும் தெரியும்.

இந்தப் பக்கத்தை மலரில் எங்கே போடுவது என்று ராணியம்மாள் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்றேன். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரியட்டும். இருபத்து மூன்றாம் எண் வீட்டுக்குப் பச்சையம்மாள் ஏற முடியாமல் போனதற்கு அவள் முட்டி காரணமில்லை, வயது காரணமில்லை. படி தப்பு. கட்டியவன் நான்.